முகத்தை விடுங்கள், துளையைப் பாருங்கள்: பழைய ஜப்பானிய வாள் பூண்கள் சேர்ப்பவர்களுக்கு

1876 மார்ச்சில் ஜப்பானிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: படையினர், காவலர் போன்ற சிலரைத் தவிர யாரும் பொது இடத்தில் வாள் தரிக்கக் கூடாது. அதோடு சாமுராய்களின் இடுப்பிலிருந்து வாள் இறங்கியது. வாளிலிருந்த பூண்கள் கழற்றப்பட்டு, மூட்டை மூட்டையாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறின. அதனால் இன்றைய சந்தையில் நூறு, இருநூறு ஆண்டு பழைய அசல் பூண்களுக்குப் பஞ்சமே இல்லை. புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர் இதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். "இது போனால் வேறு கிடைக்காது" என்று விற்பவர் அவசரப்படுத்தினால் நிதானமாகவே இருங்கள். சாதாரணத் தரத்தில் அதைவிட நல்லது அடுத்த வாரமே வரும்.

போலிகளுக்கும் பஞ்சமில்லை. மேலைநாட்டார் ஆசையோடு வாங்கத் தொடங்கிய காலத்திலேயே வார்ப்பு நகல்களும் வந்துவிட்டன. இப்போது வருபவை பெரும்பாலும் அச்சில் ஊற்றிய இரும்பு, கறுப்பு பூசிய துத்தநாகக் கலவை, பித்தளை. இவற்றின் முகப்பு பல சமயம் நன்றாகவே இருக்கும், ஏனென்றால் நல்ல அசலிலிருந்துதான் அச்சு எடுத்திருப்பார்கள். வாங்குபவர் பார்க்க மாட்டார் என்று நினைக்கும் இடத்தில்தான் போலி செய்பவர் கைவிடுவார்: துளையின் உட்சுவர், விளிம்பு, பின்புறம். உங்கள் நேரத்தில் முக்கால் பங்கு அங்கே போகட்டும்.

எந்தப் பூண் எங்கே

கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவில் இருக்கும் தட்டு ட்சுபா. கையைக் காப்பது அதுதான். சேகரிப்பவர்கள் அதிகம் வாங்குவதும் அதைத்தான். பிடியின் அடிவாயில் ட்சுபாவை ஒட்டி வரும் வளையம் ஃபுச்சி, பிடியின் நுனிக் குமிழ் காஷிரா. இரண்டும் ஜோடியாகவே செய்யப்படும். பிடியைச் சுற்றிய கயிற்றுக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக ஒளிந்திருக்கும் சிறு உருவங்கள் மெனுகி. உறையின் பக்கவாட்டில் செருகும் சிறுகத்தியின் பிடி கொசுகா, சுமார் 9.7 செ.மீ. நீளம், ஒன்றரை செ.மீ.க்குச் சற்றுக் குறைந்த அகலம். மறுபக்கம் செருகும் நீண்ட ஊசி போன்றது கோகாய். கொசுகா, கோகாய், மெனுகி மூன்றும் ஒரே கையால் செய்த தொகுதியாக இருந்தால் மிதோகோரோமோனோ என்பார்கள். தலைமுறை தலைமுறையாக வாள் பூண் செய்த கொத்தோ குடும்பம் பேர் பெற்றது இதில்தான்.

ட்சுபாவிலிருந்து தொடங்குவதே நல்லது. தனியாக நிறையக் கிடைக்கிறது, சோதிக்க இடமும் அதிகம். மெனுகியில் தொடங்கினால் பணம் சீக்கிரம் கரையும்.

கையில் இருக்க வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கும் லூப், நகைக்கடைக்காரர் வைத்திருப்பாரே அது. பிளாஸ்டிக் வெர்னியர் காலிப்பர். எஃகு வேண்டாம், கீறும். 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு, சிறு காந்தம், பக்கவாட்டில் ஒளி பாய்ச்ச ஒரு டார்ச், வெள்ளைப் பருத்தித் துணி. இவ்வளவே போதும்.

இதைவிட முக்கியம், பணம் செலவழிக்கும் முன் கண்ணைப் பழக்குவது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் தம் ட்சுபாக்களின் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. தோக்கியோ போக வாய்த்தால், சுமிதா பகுதியில் வாள் பாதுகாப்புச் சங்கம் நடத்தும் வாள் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். நல்லதை 500 பார்த்த கண்ணுக்குக் கெட்டது தானாகவே உறுத்தும்.

இரும்பு ட்சுபாவைச் சோதிக்கும் முறை

இந்த வரிசையிலேயே செய்யுங்கள். முகப்பு கடைசியில்தான், அழகைப் பார்த்து மனம் சாய்ந்துவிட்டால் குறை கண்ணில் படாது.

1. காந்தமும் எடையும். காந்தம் ஒட்டாவிட்டால் இரும்பு இல்லை. இரும்பு என்று சொல்லி விற்றிருந்தால் அங்கேயே முடிந்தது. ஒட்டினால் எடை போடுங்கள். பெரிய வாளின் ட்சுபா பெரும்பாலும் 7 முதல் 8.5 செ.மீ. விட்டம், 4 முதல் 6 மி.மீ. தடிமன். 7.5 செ.மீ. விட்டமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள முழுத் தட்டு இரும்பானால் ஏறக்குறைய 173 கிராம் வரும். அதே அளவு துத்தநாகக் கலவை 150-ஐத் தொடாது. துளைகளுக்குக் கழித்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் வெட்டியெடுத்த சுகாஷி வேலைப்பாட்டில் இந்தக் கணக்கு துல்லியமாக வராது. ஆனால் இணையத்தில் விற்பவர் தரும் அளவும் எடையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க உதவும்.

2. நடுத்துளை. அலகின் வால் நுழையும் இந்தத் துளைக்கு நகாகோ-அனா என்று பெயர். ஒருபக்கம் அகன்று, மறுபக்கம் கூம்பியிருக்கும். கூம்பிய முனை மேலேயும், கைப்பிடியை நோக்கும் முகம் உங்களைப் பார்த்தும் இருக்கும்படி பிடியுங்கள். பயன்பட்ட ட்சுபாவில் துளையின் மேலும் கீழும் செம்புத் துண்டு திணித்திருக்கலாம், அதற்கு செகிகானே என்று பெயர். ஒரு வாளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இறுக்கம் சரிசெய்யச் செய்தது இது. லூப்பில் செம்பும் இரும்பும் சேரும் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். போலியில் செம்பும் இரும்போடு ஒரே வார்ப்பாகவே வந்து, மேலே செம்பு நிறம் மட்டும் பூசியிருக்கும். துளையின் ஓரத்தில் உளியால் குத்தி இரும்பை உள்ளே நகர்த்திய தழும்புகளும் இருக்கலாம். உண்மையான தழும்பில் உலோகம் நகர்ந்து மேடாகியிருக்கும். வார்ப்பில் குழி மட்டுமே இருக்கும், நகர்ந்த உலோகத்தைக் காண முடியாது.

3. பக்கத்துளைகள். இடப்பக்கம் அரைநிலா வடிவம் கொசுகாவுக்கு, வலப்பக்கம் மடிப்பு மடிப்பான விளிம்புடையது கோகாய்க்கு. இவை இல்லாமலும் இருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம், பின்னால் ஈயத்தாலோ வேறு உலோகத்தாலோ அடைத்திருக்கலாம், அதெல்லாம் குறையில்லை. கொசுகா நுழையவே முடியாத அளவுக்குச் சிறிதாக இருந்தாலோ, இடம் வலம் மாறியிருந்தாலோ, செய்தவருக்கு இந்தப் பொருளின் வேலை தெரியாது என்று பொருள்.

4. உட்சுவர். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, சுகாஷித் துளைகள் ஒவ்வொன்றின் உள்ளும் பாருங்கள். கையால் வெட்டியதில் அரம் ஓடிய மெல்லிய கோடுகள் தெரியும். மூலைகள் கூர்மையாக இருக்கும். சுவர் இரு முகங்களுக்கும் செங்குத்தாக நிற்கும். அச்சிலிருந்து கழற்ற வசதியாகச் சாய்வு விட்டிருந்தாலோ, சுவரின் நடுவே மெல்லிய வரம்பு ஓடினாலோ, ஊசி குத்தியது போன்ற வட்டக் குமிழ்க் குழிகள் இருந்தாலோ அது வார்ப்பு. மூலைகள் சோப்பு கரைந்தது போல மழுங்கியிருப்பதும் அதே கதைதான். புதியவர்களைக் காப்பாற்றும் ஒரே சோதனை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்லலாம்.

5. விளிம்பு. முழு வட்டத்தையும் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இரண்டு அச்சுகள் சேர்ந்த கோட்டை அரத்தால் தேய்த்து எடுத்திருந்தால், நடுவிளிம்பில் மட்டும் நிறம் மாறியிருக்கும். ஓவாரி, கனயாமா மரபு ட்சுபாக்களின் விளிம்பில் எலும்புக் கணுக்கள் போல இரும்பு முண்டுகள் தெரியும். தெக்கோட்சு எனப்படும் இதற்கு மதிப்பு அதிகம், ஆகவே போலி செய்பவருக்கும் பிரியம். இரும்பைக் காய்ச்சி அடிக்கும்போது உள்ளே கடினமாகவும் மென்மையாகவும் கலந்து கிடக்கும் பகுதிகளால் வருவது தெக்கோட்சு. அதனால் அது மற்ற இடத்தைவிடப் பளபளப்பாகவும், இரும்புக்குள்ளிருந்து பிதுங்குவது போலவும் இருக்கும். சுற்றியுள்ள பரப்பின் அதே சொரசொரப்போடு மேலே ஒட்டவைத்த கட்டி போல இருந்தால் சந்தேகப்படுங்கள்.

6. ஓசை. நூலில் தொங்கவிட்டு, மரக்குச்சியால் மெல்லத் தட்டுங்கள். சந்தையில் மண்பானையைத் தட்டி வாங்குகிறோமே, அதே வித்தைதான். அடித்துச் செய்த இரும்பு கணீரென்று நீண்டு ஒலிக்கும். வார்ப்பு பெரும்பாலும் டொக்கென்று அடங்கும். ஆனால் வேறு உலோகம் அதிகம் பதித்த அசலும் மந்தமாகவே ஒலிக்கும். ஓசையைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

7. துரு. பழைய இரும்பின் நிறம் கருங்கபிலம், சிலவற்றில் ஊதா கலந்த கறுப்பு. தோல் போல ஒரே சீராகப் படர்ந்து மெல்ல மினுங்கும். வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் லேசான கபிலக் கறை வந்தால் பரவாயில்லை. செங்கல்பொடி போல ஆரஞ்சுத் தூள் கொட்டினால் ஒன்று அமிலமோ உப்போ வைத்துப் புதிதாக வரவழைத்த துரு, அல்லது அசலே கவனிப்பின்றிக் கெட்டுக்கொண்டிருக்கிறது. துணி கருகருவென்று ஆனால் பூச்சு. நெயில் பாலிஷ் எடுக்கும் திரவத்தால் சோதிக்கச் சிலர் சொல்வார்கள். அரக்குப் பூசி முடித்த அசல் இரும்பு ட்சுபாக்களும் உண்டு. அந்தப் பூச்சைக் கெடுத்துவிடும், வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு முகப்பைப் பாருங்கள்.

வார்ப்பைப் பற்றி ஒரு சொல். சுவாமிமலைப் படிமங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு மெழுகு வார்ப்பு என்றாலே மரியாதை. இங்கே இரும்பில் வார்ப்பைக் கண்டால் ஒதுங்குவது நல்லது. ஆனால் செம்புக் கலவைகளில் அப்படி அடித்துச் சொல்ல முடியாது: முகம் பார்க்கும் உலோகக் கண்ணாடி வார்ப்பவர்கள் செய்த ககாமிஷி வகை ட்சுபாக்கள் பழங்காலத்திலேயே வார்த்தவைதான்.

நிறம் பேசும் உலோகங்கள்

செம்பில் சில விழுக்காடு தங்கம் கலந்தது ஷாகுதோ. வெறுமனே பார்த்தால் செம்பு போலத்தான் இருக்கும். மெருகேற்றி, துருவிய முள்ளங்கிச் சாற்றில் நனைத்து, ரொகுஷோ என்ற செம்பு உப்புக் கரைசலில் கொதிக்கவைத்தால் காக்கைச் சிறகு போல நீலம் பாய்ந்த கறுப்பு வரும். செம்பில் வெள்ளி கலந்தது ஷிபுஇச்சி. பெயருக்கு 'நாலில் ஒன்று' என்று பொருள். அதே முறையில் சாம்பல், சாம்பற்பச்சை நிறங்கள் தரும். இந்த நிறங்கள் பூச்சல்ல, உலோகத்தின் மேல்தோலே மாறியது. தேய்ந்த முனைகளைப் பாருங்கள். ஷாகுதோ தேய்ந்தால் நிறம் படிப்படியாக மங்கிச் செம்பு நிறத்துக்குப் போகும். கறுப்பு பூசிய பித்தளையோ செதிலாக உரிந்து, கீழே மஞ்சள் பளிச்சென்று தெரியும்.

தங்கத்தையும் இப்படியே பாருங்கள். உளியால் பள்ளம் வெட்டிப் பதித்த தங்கத்துக்கு ஓரம் கூர்மையாக இருக்கும். இரும்பில் குறுக்கும் நெடுக்குமாக நுண்கோடு கீறி, அதன்மேல் தங்கத் தகட்டை அழுத்துவது நுனோமே முறை. தங்கம் தேய்ந்த இடத்தில் அந்த வலைக்கோடுகள் லூப்பில் தெரியும். போலியில் தங்க நிறம் பள்ளத்தில் தேங்கி, மேட்டில் மெலிந்து, எல்லை தாண்டி வழிந்திருக்கும். சாயம்.

கொத்தோ வேலைகளின் பின்புலத்தில் மீன் முட்டை போலப் பொடிமணிகள் நெருங்கி நிற்கும். நனாகோ என்பது இதுதான். குழிமுனை உளியை ஒவ்வொரு மணிக்கும் ஒரு முறை தட்டி எழுப்பியவை. லூப்பில் மணிகள் தனித்தனியாக, வரிசை பிசகாமல், நடுவே கூரிய பள்ளத்தோடு இருக்க வேண்டும். வார்த்த நனாகோவில் மணிகள் ஒன்றோடொன்று குழைந்து ஜவ்வரிசிக் கஞ்சி போலாகிவிடும்.

சிறு பூண்களின் முதுகு

மெனுகியைத் திருப்பாமல் வாங்காதீர்கள். மெல்லிய தகட்டைப் பின்னாலிருந்து தட்டிப் புடைத்துச் செய்தது என்பதால், முன்பக்கத்து மேடெல்லாம் பின்பக்கம் பள்ளமாக இருக்கும், கருவிகளின் தடம் தெரியும். பின்புறம் மணல் போலச் சொரசொரத்தாலோ, திண்ணென்று கட்டியாக இருந்தாலோ வார்ப்பு. ஜோடியில் இரண்டும் கண்ணாடிப் பிம்பம் போல அப்படியே ஒத்திருப்பதும் நல்லதல்ல. கைவேலையில் சிறு வேறுபாடு இருக்கும்.

ஃபுச்சியில் ட்சுபாவை ஒட்டும் பக்கம், அலகுவால் நுழையும் ஓட்டையைச் சுற்றி ஒரு தட்டு மூடியிருக்கும், பெரும்பாலும் செம்பு. கையெழுத்து இருந்தால் அங்கேதான் இருக்கும். தட்டையும் வளையத்தையும் பற்றவைத்த கோடு தெரிய வேண்டும். முழுதும் ஒரே வார்ப்பாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். ஃபுச்சியும் காஷிராவும் வேறு வேறு இடத்திலிருந்து வந்து ஜோடி சேர்க்கப்படுவதும் உண்டு. கருப்பொருளை மட்டும் பார்க்காமல் உலோக நிறம், நனாகோ மணியின் அளவு, விளிம்பு வேலை மூன்றையும் ஒப்பிடுங்கள். கொசுகாக்களில் மெல்லிய தகட்டை அச்சில் அழுத்திச் செய்த மலிவு ரகம் ஏராளம். கையில் எடுத்ததுமே இலேசாக இருக்கும், உருவங்களின் ஓரம் உருண்டிருக்கும்.

பெயர் பொறித்திருந்தால்

பெயர் இருந்தால் நல்லது என்று நினைப்பது புதியவர் வழக்கம். கையெழுத்தை இன்னும் அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும். பெயரில்லாத நல்ல ட்சுபா, பொய்ப்பெயர் தாங்கிய நல்ல ட்சுபாவைவிட எல்லா வகையிலும் மேல். கிமெய் எனப்படும் பொய்க் கையெழுத்தில் பொருள் பழையதாகவே இருக்கும், பெயர் மட்டும் பின்னால் ஏறியிருக்கும்.

உளியால் வெட்டிய எழுத்தின் ஒவ்வொரு கீற்றும் சிறு ஆப்பு வடிவ வெட்டுகளின் வரிசை. ஓரத்தில் உலோகம் சற்றுப் புடைத்திருக்கும், அடி கூராக இருக்கும். வார்த்த எழுத்தின் அடி உருண்டிருக்கும். எழுத்துக்குள் உள்ள துருவின் நிறம் சுற்றுப்பரப்போடு ஒத்துப்போகாமல் புதிதாக இருந்தால், பின்னால் வெட்டியது.

சில பெயர்களைக் கண்டாலே நின்றுவிடுங்கள். பழைய ட்சுபா ஆசான்களான நொபுயே, கானேயே இரண்டும் மிக அதிகம் பொய்யாகப் பொறிக்கப்பட்ட பெயர்கள். மெய்ஜி காலத்து (1868–1912) நாணயங்களுக்கு வடிவமைத்த கானோ நட்சுவோ (1828–1898) பெயரும் அப்படித்தான். கொத்தோ வழியின் முதல்வர் யூஜோ (1440–1512) உள்ளிட்ட ஆரம்ப கால ஆசான்கள் பொதுவாகக் கையெழுத்திட்டதே இல்லை. பின்வந்த தலைமுறையினர்தான் "இது யூஜோ வேலை" என்று தம் பெயரையும் சேர்த்துப் பொறித்தார்கள். யூஜோ என்று நேரடியாகக் கையெழுத்திட்ட கொசுகா மலிவாகக் கிடைத்தால் சிரித்துவிட்டு நகரலாம். ஹிகோனே ஊர் ட்சுபா கலைஞர் சோதேனின் பெயர் வேறு வகை. சீனத்து முனிவர்களையும் வீரர்களையும் துளைத்துச் செதுக்கிய ட்சுபாக்களில் அந்தப் பெயர் ஆயிரக்கணக்கில் வரும். பல எடோ காலத்தவைதான் (1603–1868), ஆனால் சோதேன் கை பட்டவை அல்ல. அந்தப் பாணிக்குக் கொடுக்கும் விலையைக் கொடுங்கள், பெயருக்குக் கொடுக்காதீர்கள்.

உட்சுஷி என்பதைப் போலியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்னோர் ஒருவரின் படைப்பை மரியாதையாகத் திரும்பச் செய்து தன் பெயரையே இடுவது அது. நல்ல உட்சுஷிக்குத் தனி மதிப்பே உண்டு.

சான்றிதழ்

1948-இல் தொடங்கிய ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் வாளைப் போலவே பூண்களையும் பார்த்துச் சான்று தருகிறது. படிகள் நான்கு: ஹோசோன், தொகுபெட்சு ஹோசோன், ஜூயோ, தொகுபெட்சு ஜூயோ. புதியவருக்கு முதல் படியே போதும்: பொருள் அசல், பெயரிருந்தால் பெயரும் ஏற்கத்தக்கது என்று அர்த்தம். இது 1982-க்குப் பிறகான முறை. அதற்கு முந்தைய வெள்ளை, பச்சைத் தாள்களை, குறிப்பாகப் பெரிய பெயர்களுக்குத் தந்த பச்சைத் தாள்களை, இன்று சந்தை நம்புவதில்லை. எந்தத் தாளானாலும் அதில் ஒட்டிய படத்தையும் கையிலுள்ள பொருளையும் கீறல் கீறலாக ஒப்பிடுங்கள். அசல் தாளோடு வேறு ட்சுபாவை வைத்து விற்பதும் நடக்கிறது. அழகான மரப்பெட்டி சான்றாகாது. பெட்டி தனியாகவே விலைக்குக் கிடைக்கும்.

வாங்கும்போது

பெயரில்லாத, ஓரளவு நல்ல எடோ கால இரும்பு ட்சுபா 150 முதல் 400 அமெரிக்க டாலருக்குள் அகப்படும். முதல் மூன்று வாங்கல்களை இந்த எல்லைக்குள், திருப்பி எடுக்கும் விற்பனையாளரிடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்து வாங்குவதானால் இவற்றைக் கேளுங்கள்: இரு முகங்கள், விளிம்பு நான்கு பக்கமிருந்து, நடுத்துளை மிக நெருக்கத்தில், சாய்வெளிச்சத்தில் உட்சுவர், எடை, மூன்று அளவுகள் (உயரம், அகலம், தடிமன்). உட்சுவர்ப் படம் மட்டும் வராமல் போனால் அதுவே பதில்.

கூடவே அந்தப் படத்தை இணையத்தில் படத்தேடலில் போடுங்கள். அதே கீறல், அதே துருப்புள்ளியோடு இன்னொரு ட்சுபா வேறொருவரிடம் இருந்தால் இரண்டும் ஒரே அச்சின் பிள்ளைகள். வடிவம் ஒத்திருப்பது தவறில்லை, பழைய பட்டறைகள் ஒரே வடிவத்தைப் பலமுறை செய்தன. காயம் ஒத்திருப்பதுதான் தவறு.

பூண் மட்டும் வாங்குவது எளிது. அலகோடு சேர்த்து வாங்கினால் ஜப்பானியப் பதிவுச் சீட்டு, ஏற்றுமதி அனுமதி, நம் ஊர்ச் சட்டம் என்று வேறு உலகம். தந்தம் சேர்ந்த எதையும் தொடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

போலியால் கெடுவதைவிட, சுத்தம் செய்கிறேன் என்று இறங்கிக் கெடுத்த அசல்கள் அதிகம். ஷாகுதோவில் பித்தளை பாலிஷ் போட்டால் கறுப்புத் தோல் சில நொடியில் போய்விடும். பழையபடி கொண்டுவருவது தேர்ந்த கைக்கே கடினம். புளி, எலுமிச்சை, சாம்பல், கம்பிப் பஞ்சு, உப்புத்தாள் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் போதும்.

இரும்பில் செந்துரு பொங்கிய இடம் இருந்தால் எலும்புச் சில்லால் அந்த இடத்தை மட்டும் சுரண்டுங்கள். இரும்பைவிட எலும்பு மென்மை, துருவைவிடக் கடினம்; அதனால் துரு போகும், கறுத்த தோல் தங்கும். ஜப்பானிய வழக்கில் மான் கொம்பும் பயன்படும். இந்தியாவில் அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் கொண்டுபோய் விடும், மாட்டெலும்பு போதும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், பிறகு பருத்தித் துணியால் தேய்ப்பு. இப்படி வாரக்கணக்கில் போகும். எண்ணெய் போடுவதானால் ஒரே ஒரு துளி, உடனே துடைத்துவிட வேண்டும். தேங்கிய எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும்.

கடலோர ஊரில் இருப்பவர்கள் மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, நிறம் மாறியதும் ஜெல்லை மாற்றுங்கள். ரப்பர் வளையம், பி.வி.சி. உறை, செய்தித்தாள் மூன்றும் உலோகத்தில் கறை ஏற்றும். ஒவ்வொரு பூணுக்கும் ஒரு அட்டை போட்டு வாங்கிய தேதி, விலை, மூன்று அளவுகள், எடை, உட்சுவரில் கண்டது என எழுதி வையுங்கள். பத்தாவது ட்சுபா வரும்போது முதல் அட்டையை எடுத்து, அந்த முதல் ட்சுபாவை மறுபடி சோதியுங்கள்.